பின்னால் வரும் வண்டி: மணல்மேட்டிலும் ஏற்காட்டு மலைப்பாதையிலும் கூட்டமாக ஓட்டுவது எப்படி

ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஐந்து காராகக் கிளம்பினோம். ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது நாலு. சேர்வராயன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன பயணம் அது. காரை ஓரம் கட்டி, டீ சொல்லி, பிள்ளைகளுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்த பிறகுதான் சித்தப்பாவின் கார் வரவில்லை என்று தெரிந்தது. போன் போட்டால் மணி அடிக்கவில்லை. நானும் தம்பியும் திரும்ப இறங்கிப் போனோம். பாதி மலையில், ஒரு வளைவைத் தாண்டிய இடத்தில் கார் நின்றிருந்தது. என்ஜின் கொதித்து பானெட் திறந்து கிடந்தது. பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, சித்தி குடையோடு ரோட்டில் நின்று வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அப்படியே முக்கால் மணி நேரம் போயிருந்தது.

சித்தப்பா கோபப்படவில்லை. "எல்லாரும் முன்னாடியே பாத்து ஓட்டிட்டீங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. காரணம், கூட்டமாக வண்டி ஓட்டுவதற்கு முதல் பாடமே அதுதான் என்று பல வருஷங்களுக்கு முன் ஷார்ஜாவில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அங்கே கற்றதை மணலோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஐந்தாறு காராகச் சேர்ந்து மலையேறும் குடும்பங்களுக்கும் நண்பர்களுக்கும் அந்தப் பாடம் இன்று மிகவும் தேவை. அதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

மணலில் ஏன் தனியாகப் போவதில்லை

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலரும் ஒருமுறையாவது மணல்மேட்டில் கார் ஏறியிருப்பார்கள். ஷார்ஜாவில் மலீஹா, அல் பதாயர், அபுதாபியில் லீவா என்று இடங்கள் உண்டு. லீவாவுக்குத் தெற்கே ருபுல் காலி பாலைவனம் தொடங்குகிறது. ஏறக்குறைய ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அது விரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு.

அங்கே விடுமுறை நாளில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். இரவுப் பனி பட்ட மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். வெயில் ஏற ஏறப் பொலபொலவென்று இளகிவிடும். ஆனால் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் ஒற்றை வண்டியில் போகமாட்டார்கள். சக்கரம் புதைந்தால் இழுத்து எடுக்க இன்னொரு வண்டி வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கூட்டமே சேர்கிறது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகப் புரியும். சேர்ந்து போவது வேடிக்கைக்காக மட்டும் இல்லை, ஒருவர் நின்றால் மற்றவர் எடுத்துவிடுவதற்காக. பின்னால் நின்றவரைப் பார்க்காமல் முன்னால் போய்விட்டால், அது ஒரே திசையில் போகும் ஐந்து தனி வண்டிகள்தான்.

யார் முன்னே, யார் பின்னே

மணலில் வரிசை முன்கூட்டியே முடிவாகிவிடும். முதல் வண்டி, பாதை தெரிந்தவருடையது. கடைசி வண்டி, அவருக்கு அடுத்த அனுபவசாலியுடையது. கயிறு, காற்றடிக்கும் பம்பு, மண்வாரி, முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில்தான் இருக்கும். புதிதாக ஓட்டுபவர்களை முதல் வண்டிக்கு அடுத்தபடி விடுவார்கள். அப்போதுதான் அவர்கள் முன்வண்டியின் சக்கரத் தடத்தைப் பார்த்து ஓட்ட முடியும். நடுவில் யாரும் யாரையும் முந்துவதில்லை. கடைசி வண்டியை எதற்காகவும் யாரும் தாண்டிப் பின்தங்குவதும் இல்லை.

அதோடு ஒரு விதி. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒரு வண்டிக்குப் பொறுப்பு. அது கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் நீங்கள் வேகத்தைக் குறைக்கிறீர்கள். அப்போதும் வரவில்லை என்றால் பத்திரமான இடம் பார்த்து நிற்கிறீர்கள். நீங்கள் நின்றதும் உங்களுக்கு முன்னால் போகிறவர் கண்ணாடியில் நீங்கள் மறைந்துவிடுவீர்கள், அவரும் நிற்பார். அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார். இப்படி, போன் இல்லாமல், ஹார்ன் இல்லாமல், கடைசி வண்டி நின்ற சேதி முதல் வண்டிவரை போய்ச் சேர்ந்துவிடும்.

ஏற்காட்டில் நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். பாதை நன்றாகத் தெரிந்த நாலு பேரும் முன்னால் போட்டி போட்டோம். பழைய காரில் வந்த சித்தப்பாவைக் கடைசியில் விட்டோம். வரிசையில் எந்த இடத்துக்கு நல்ல அனுபவசாலி தேவையோ, அந்த இடத்தில் உதவி தேவைப்படக்கூடியவர் இருந்தார்.

முகடும் வளைவும்

மணல்மேட்டுக்கு இரண்டு முகம். காற்று வீசும் பக்கம் சரிவு தணிந்து, 10 முதல் 15 பாகை வரை இருக்கும். மணலும் அங்கே இறுகிக் கிடக்கும். மறுபக்கம், உச்சியிலிருந்து சரிந்து விழுந்த மணல், 30 பாகைக்கு மேல் செங்குத்தாக, இளகி நிற்கும். ஏறும்போது ஓட்டுநருக்கு வானம் மட்டும்தான் தெரியும். மறுபக்கத்தில் முன்வண்டி இறங்கிப் போய்விட்டதா, புதைந்து நிற்கிறதா என்று தெரியாது. அதனால் ஒரு மேட்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன்வண்டி தாண்டி இறங்கி, "வழி காலி" என்று வாக்கி டாக்கியில் குரல் வந்த பிறகே அடுத்தது ஏறும். வண்டியின் கூரைக்கு மேலே நீளக் கம்பியில் கொடி கட்டிக்கொள்வதும் இதற்காகத்தான். கார் தெரிவதற்கு முன்பே கொடி தெரிந்துவிடும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநருக்கு அந்த ஒவ்வொன்றும் ஒரு மணல்முகடு மாதிரிதான். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. இறங்கும் பேருந்தா, டேங்கர் லாரியா, நடுரோட்டில் நின்று படம் எடுக்கும் ஆட்களா, காட்டுமாடா, எதுவும் இருக்கலாம். ஆகவே மணலின் விதி இங்கேயும் செல்லும். உங்கள் கூட்டத்தில் ஒரு வளைவுக்குள் ஒரு நேரத்தில் ஒரு கார். முன்கார் வளைவைத் திரும்பி மேல்பாதைக்குப் போனபிறகு நீங்கள் நுழையுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. ஏற்றத்தில் முன்கார் திடீரென்று அணைந்துபோனால், திரும்ப ஸ்டார்ட் செய்து கிளட்சை விடும்போது கொஞ்சம் பின்னால் உருளும். ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கொஞ்சமும் உங்கள் பானெட்டில் வந்து இடிக்கும்.

இன்னொரு காரணம், மற்றவர்களுக்காக. ஐந்து கார் ஒட்டி ஒட்டிப் போனால் பின்னால் வரும் பேருந்துக்கோ ஆம்புலன்ஸுக்கோ அது நகரும் சுவர். இரண்டு காருக்கு நடுவே ஒரு பேருந்து நுழைய இடம் விட்டால், அவர்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்விடலாம். நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று மலைக்கு மேலே ஊர்கள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிற வழி இது. நமக்கு ஒரு நாள் உலா, அவர்களுக்கு அன்றாடம்.

வளைவுக்குள் என்ன நடக்கிறது

கொண்டை ஊசி வளைவில் உள்ஓரமும் வெளிஓரமும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறுகின்றன. ஆனால் உள்ஓரம் அந்த உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறிவிடுகிறது. அதனால் உள்பக்கம் சரிவு மிகச் செங்குத்து. வெளிப்பக்கம் அதே ஏற்றம் நீண்டு, தணிந்து வருகிறது. உள்பக்கம் ஒட்டித் திரும்புகிற கார் திணறி அணைந்துபோவது இதனால்தான். எதிரே வண்டி இல்லை என்று நன்றாகத் தெரிந்தால், உங்கள் பக்கத்துக்குள்ளேயே முடிந்தவரை அகலமாகத் திரும்புங்கள். கியரை வளைவுக்கு முன்பே இரண்டுக்கோ ஒன்றுக்கோ குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் கிளட்சை மிதித்து கியர் மாற்றினால் அந்த நொடியில் வண்டிக்கு இழுவையே இருக்காது.

பேருந்தின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். ஆகவே பேருந்து திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். எதிரே பேருந்து வளைவுக்கு வருவதைக் கண்டால், வளைவுக்குள் போய் நிற்காதீர்கள். இருபதடி முன்னாலேயே நின்று வழி விடுங்கள்.

ஏறும் வண்டிக்கா, இறங்கும் வண்டிக்கா முன்னுரிமை? மலைப்பாதையில் இரண்டு வண்டி தாராளமாக ஒதுங்க முடியாத இடத்தில், இறங்குகிறவர் ஓரமாக நின்று ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். 1989 முதலே இந்தியச் சாலை விதிகள் இதைச் சொல்லிவருகின்றன. ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது கடினம் என்பதே காரணம். கூட்டமாக இறங்கும்போது முதல் கார் நின்றால் பின்னால் உள்ள எல்லாமே நிற்க வேண்டும். முதலாமவர் வழி விட்டு, அடுத்தவர் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் வழி விட்டதற்கு அர்த்தமே இல்லை.

இறக்கம்: நாலு குடம் வெந்நீர்

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குப் பக்கம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும்போது உங்கள் கார் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது.

ஆட்களும் சாமானும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஐம்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டுக் கணக்கில் நாலு குடம். அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை வாங்க இரண்டே இடம்தான் இருக்கிறது: என்ஜின் அல்லது பிரேக்.

நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்று உருட்டிக்கொண்டு இறங்கினால் அவ்வளவு சூடும் கையகல பிரேக் பேடுகளில் போய் இறங்கும். முதலில் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும். பிறகு மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. பேடு சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயிலே கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் கட்டும். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். மிதி பஞ்சு மாதிரி தரைவரை போய்விடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 140 பாகைக்கே கொதிக்கலாம். டாட் 4 ஆயிலுக்கு இந்தக் கணக்கு 230, 155. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். சமவெளியில் ஓடும் காருக்கு இது தெரியவே தெரியாது. மலையிறக்கத்தில் முதல்முறையாகத் தெரியவரும்.

அதனால்தான் இந்தப் பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவதிலேயே இறங்குங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் எல், 2, அல்லது மேனுவல் நிலையில் போடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தமாக ஒருமுறை மிதித்து, குறைந்ததும் விட்டுவிடுங்கள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் பேடு ஆறும்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று கொண்டை ஊசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கீழ்ப்பாதையில் விழுந்தது. பயணிகள் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அந்த வழியாக இறங்கும் ஒவ்வொருவரும் அவர்களை நினைத்துக்கொண்டு காலை பிரேக்கில் வைக்க வேண்டும்.

கூட்டமாக இறங்கும்போது இன்னொரு வசதி உங்களுக்கு உண்டு. முன்காரின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், அவர் பிரேக்கிலேயே இறங்குகிறார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியும். அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தச் சொல்லி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டு, கியரில் இறங்கச் சொல்லுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிஸ்க் வளைந்துவிடும் அல்லது வெடிப்பு விடும்.

டயர் காற்று: மணலின் பாடம் மலையில் செல்லாத இடம்

மணலில் இறங்குவதற்கு முன் முதல் வேலை டயரில் காற்றைக் குறைப்பது. ரோட்டில் 30, 35 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 15க்குப் பக்கம் இறக்கிவிடுவார்கள். காற்று பாதியானால் டயர் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எடை பரந்து விழும், சக்கரம் புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

இதைக் கேள்விப்பட்டு மலைக்கும் காற்றைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தார்ச்சாலையில் அது தவறு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வளைவில் டயர் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. கார் கம்பெனி கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே மலைக்கும் சரி. சேலத்திலேயே, டயர் சூடேறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் மண்பாதையும் மழையும்

ஏற்காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருக்கிறது. அதிலிருந்து காபித் தோட்டங்களுக்குள் மண்பாதைகள் பிரிகின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து வளர்ந்த தோட்டங்கள் அவை. சில்வர் ஓக் நிழலில் அந்தப் பாதைகளைப் பார்த்தால் ஜீப்பை இறக்கிப் பார்க்க ஆசை வரும். ஆனால் தோட்டப் பாதை ஒருவருடைய சொத்து, காப்புக்காடு வனத்துறையுடையது. இரண்டிலும் அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்கக் கூடாது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளுக்கும் இதே பேச்சுதான். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அது பந்தயத் திடல் இல்லை.

அனுமதி வாங்கி மண்பாதையில் போவதானால் மணலின் விதிகள் அப்படியே உதவும். ஒரு ஏற்றத்தில் ஒரு வண்டி. மற்றவை கீழே சமதளத்தில் காத்திருக்க வேண்டும். சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். கயிறு கட்டி இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி எல்லாரும் நிற்க வேண்டும். கயிறோ கொக்கியோ அறுந்தால் அது கல்லெறி போல வரும்.

மழைக்காலத்தில் தார்ச்சாலையே சந்தேகம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அடைமழை பெய்த மறுநாள், மழை விட்டுவிட்டதே என்று கிளம்பாதீர்கள். ஊறிய மண் மழை விட்ட பிறகும் சரியும். அடிவாரம் சோதனைச்சாவடியில் கேட்டு, தேவையானால் குப்பனூர் வழியின் நிலையையும் விசாரித்து முடிவு செய்யுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போதும். ஓடுகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

அடிவாரத்தில் ஐந்து நிமிஷம்

கிளம்பும் முன் எல்லா ஓட்டுநர்களும் காரை விட்டு இறங்கி ஒன்றாக நில்லுங்கள். இந்த ஐந்தையும் பேசி முடியுங்கள்:

முதல் கார் எது, கடைசி கார் எது. கடைசியில் போகிறவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராகவும், கயிறும் பம்பும் வைத்திருப்பவராகவும் இருக்கட்டும்.

யாருக்குப் பின்னால் யார். ஒவ்வொருவரும் தன் பின்காரின் நிறத்தையும் எண்ணையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும்.

எங்கே நின்று சேர்வது. வழியில் போன் எடுக்காத இடங்கள் உண்டு. வளைவுகளுக்கு எண் இருப்பதால், எந்த எண்ணைத் தாண்டியதும் அகலமான இடத்தில் நிற்பது என்று பேசிக்கொள்ளலாம்.

எந்தக் கார் பழையது, யார் மலைக்குப் புதியவர். கூட்டத்தின் வேகம் அவர்களுடைய வேகம்தான். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத என்ஜின் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். சேலத்தில் நன்றாக ஓடிய கார் மேலே திணறுவது இயல்பு.

சக்கரத்துக்கு வைக்க இரண்டு கட்டை, கூலண்டுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், எச்சரிக்கை முக்கோணம் எந்தக் காரில் இருக்கின்றன.

போன மே மாதம் அதே குடும்பம், அதே ஐந்து கார், அதே கோயிலுக்குப் போனோம். இந்த முறை சித்தப்பாவின் கார் இரண்டாவது. நான் கடைசி. அவர் வேகத்துக்கு எல்லாரும் ஓட்டியதில் வழக்கத்தைவிட இருபது நிமிஷம் கூடுதலாக ஆனது. நடுவழியில் ஒருமுறை என் முன்கார் மெதுவாகி ஓரம் கட்டியது. பேருந்து ஒன்றுக்கு வழி விட்டு நான் பின்தங்கியிருந்தேன். நான் வளைவைத் திரும்பி மேலே வந்தபோது நாலு காரும் வரிசையாக நின்றிருந்தன. யாரும் போன் செய்யவில்லை, யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடியில் என் கார் தெரிந்ததும் முன்காரிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஏரிக்கரையில் சித்தப்பா இறங்கி முதலில் செய்த வேலை, விரல் நீட்டி ஐந்து காரையும் எண்ணியதுதான். அதற்குப் பிறகே டீ சொன்னார்.